கோர்லாய் கோட்டை: 100 மீட்டர்தானே என்று நினைப்பவர்களுக்கு

மும்பையில் இருக்கும் நம்மவர்கள் அலிபாக் பக்கம் போனால், ரேவ்தண்டா பாலத்தைத் தாண்டி கோர்லாய் கோட்டையையும் ஒரு எட்டு பார்த்துவிட்டு வருவார்கள். கிளம்பும் முன் எல்லா வீட்டிலும் ஒரே கேள்விதான். "ஏறுவது கஷ்டமா? ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகலாமா?"

போய் வந்தவர்கள், "சுமார் 100 மீட்டர்தாங்க" என்பார்கள். தேவ்நாரில் மொட்டை மாடியில் நின்றால் தெரிகிற ட்ராம்பே மலையே சுமார் 300 மீட்டர். திருச்சி மலைக்கோட்டை 83 மீட்டர். அப்படியானால் கோர்லாய் சுலபம் என்றுதான் தோன்றும். ஆனால் ஒரே ஒரு எண்ணைப் பார்த்துக் கடன் கொடுக்கிற மேனேஜர் எவரும் இல்லை. மலைக்கும் அதே கதைதான்.

ஊட்டி 2,240 மீட்டர் உயரம். பஸ்ஸில் உட்கார்ந்தபடி போய்விடலாம். கடலோர மலையில் அடிவாரமே கடல் மட்டம். சொல்லும் உயரம் முழுவதையும் காலால் ஏற வேண்டும். உச்சிப்பிள்ளையாரைப் பார்க்கப் போகும்போது பெரும்பாலும் தலைக்கு மேல் நிழல் இருக்கும், காலுக்குக் கீழே வெட்டிய படி இருக்கும். கோர்லாயில் கலங்கரை விளக்கத்திலிருந்து படிகள் உண்டு. ஆனால் வெயில் நேராகத் தலையில். கூடவே கடற்காற்றின் புழுக்கம். வியர்வை வழியும், காயாது.

இந்த மலையை நமக்கு முன்னால் எடை போட்டவர்கள் போர்த்துகீசியர்கள். 1521இல் அகமத்நகர் நிஜாம்ஷாஹி சுல்தானின் அனுமதியோடு எதிர்க்கரையில், சவுலில் (இன்றைய ரேவ்தண்டா) இடம் பிடித்தார்கள். ஆற்று முகத்துவாரத்தில் கடலுக்குள் நீண்டிருந்த கோர்லாய் மலை அப்போது அவர்கள் கையில் இல்லை. மேலே பீரங்கி வைப்பவன் துறைமுகத்தையே முடக்கிவிடலாம். இரண்டாம் புர்ஹான் நிஜாம் ஷா அங்கே கோட்டை கட்டி அதைத்தான் செய்தார். 1594இல் போர்த்துகீசியர்கள் மலையைப் பிடித்தார்கள். செங்குத்துச் சரிவில் தொற்றி ஏறி அல்ல. பின்வாங்கி ஓடிய படையைத் துரத்திக்கொண்டு, கதவு மூடுவதற்குள் வாசல் வழியாகவே உள்ளே புகுந்தார்கள்.

அதனால்தானோ என்னவோ, இந்தக் கோட்டையில் வாசல்களுக்குப் பஞ்சமே இல்லை. 11 என்று கணக்குச் சொல்வார்கள். மலை முதுகு ஒல்லியாக நீண்டு கிடக்கிறது. அதன் குறுக்கே சுவர், வாசல், மறுபடி சுவர். எதிரி முதுகின் வழியாகத்தான் வருவான், பக்கச் சரிவில் ஏறுவது கடினம் என்பது கட்டியவர்களின் கணக்கு. 1740இல் கோட்டை மராட்டியர்களிடம் போனதுகூட உடன்படிக்கையால்தான்.

ஆக, பழைய கோட்டையின் சுவரே நமக்கு ஒரு ரிப்போர்ட். வாசல் எங்கே இருக்கிறதோ அதுதான் மனிதன் நடக்கக்கூடிய பாதை. காவல் குறைவாக இருக்கும் பக்கம், 'இங்கே எவனும் ஏற மாட்டான்' என்று அந்தக் காலத்துப் படைவீரனே முடிவுகட்டிய பக்கம். 1670இல் தானாஜி மாலுசரே புனே அருகே சிங்ககட்டில் அப்படிப்பட்ட பாறையில்தான் இரவில் கயிறு கட்டி ஏறினார். கோட்டை கிடைத்தது, அவர் உயிர் போனது. போட்டோ எடுப்பதற்காக அந்தப் பக்கம் போகிற பையன்களிடம் இதைச் சொல்லலாம்.

நம் ஊர் செஞ்சியும் இதே பாடம்தான். ராஜகிரி சுமார் 240 மீட்டர். உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் ஆழமான ஒரு பிளவு, அதன் மேல் பாலம். பாலத்தை எடுத்துவிட்டால் மேலே வழியில்லை. 1689இல் மராட்டிய தேசத்திலிருந்து தப்பிப்போன ராஜாராம் தேடிப் போனது அந்த இடத்தைத்தான். 1690இல் முற்றுகையைத் தொடங்கிய முகலாயர்களுக்கு 1698இல்தான் செஞ்சி கிடைத்தது. அதற்குள் ராஜாராம் தப்பிவிட்டார். அத்தனை வருடம் இழுத்ததில் முகலாயத் தளபதிகளின் உட்பூசலுக்கும் பங்கு உண்டு. ஆனால் 240 என்ற எண்ணை மட்டும் பார்த்தால் ஒன்றுமே விளங்காது.

சரி, அம்மாவைக் கூட்டிப்போகலாமா? உயரத்தைக் கேட்காதீர்கள், இந்த நான்கைக் கேளுங்கள். படி எதுவரை இருக்கிறது? நிழல் உண்டா? பக்கத்தில் சரிவு எப்படி? இறங்கும்போது கால் வழுக்குமா? கோர்லாயில் டிசம்பர், ஜனவரி காலை ஏழு மணிக்குக் கிளம்பி, நின்று நின்று ஏறினால் முட்டிவலி இல்லாத பெரியவர்களுக்குச் சிரமம் இருக்காது. மழைக்காலத்தில் பாறை பாசி பிடித்திருக்கும், அப்போது வேண்டாம். மே மாத மதியம் இளைஞர்களுக்கே வேண்டாம். மேலே சுவர் சிதைந்த இடங்களில் குழந்தைகளின் கையை விடாதீர்கள். தண்ணீர் கையோடு எடுத்துப் போங்கள். மேலே இருப்பது பழைய மழைநீர்த் தொட்டிதான், குடிக்க ஆகாது.

ஏற முடியாதவர்கள் கலங்கரை விளக்கம் வரை காரில் வந்து கடலைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கலாம். கீழே கோர்லாய் கிராமத்தில் போர்த்துகீசியம் கலந்த ஒரு கிறிஸ்தவ மொழி இன்னும் வீட்டில் பேசப்படுகிறது. அவர்கள் கோட்டையை விட்டுப்போய் 280 வருடம் தாண்டியும் மொழி போகவில்லை. மராட்டி மண்ணில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லித்தரும் நமக்கு, மலை ஏறாமலே பார்க்க வேண்டிய விஷயம் அது.