ஜீனோவும் அதன் வாரிசுகளும்

ஒரு கதை வெற்றி பெற்றுவிட்டால் அது கதையோடு நிற்பதில்லை. இரண்டாம் பாகம் பிறக்கிறது. தொலைக்காட்சித் தொடர் வருகிறது. படமாகிறது; படத்துக்கும் இரண்டாம் பாகம் வருகிறது. இப்படிக் கிளை விட்ட அன்றே ரசிகர்களுக்குள் வழக்கும் தொடங்கிவிடுகிறது. மூலக்கதைக்கு உண்மையான வாரிசு எது, பெயரை மட்டும் வைத்து நடக்கும் வியாபாரம் எது என்பதே அவ்வழக்கு.

விஞ்ஞானக் கதைகளில் இது மற்றக் கதைகளைவிடக் காரசாரமாக நடக்கிறது. துப்பறியும் கதைக்குத் துப்பறிபவரும் ஒரு கொலையும் இருந்தால் போதும். விஞ்ஞானக் கதையின் ஆசிரியரோ ஓர் உலகத்தையே நிறுவி, அதற்குச் சில விதிகளையும் வகுத்துவிடுகிறார். பின்னால் வருபவர் நாயகனின் பெயரை எடுத்துக்கொண்டு விதிகளை வாசலிலேயே விட்டுவிட்டு வந்தால், பெயரால் மட்டும் அது தொடர்ச்சியாகுமா? எந்த விதி மீதியிருக்கிறது, எந்தப் புதுக் கேள்வி எழுப்பப்படுகிறது என்பதைக் கொண்டே கிளைக்கதையை எடைபோட வேண்டும் என்பது என் கட்சி. மாணவர்கள் பலர் இதை ஒப்புக்கொள்வதில்லை. "சார், படம் நன்றாக இருந்ததா இல்லையா, அதைச் சொல்லுங்கள்" என்பார்கள்.

முதலில் நமக்கு அண்டையில் நிகழ்ந்த ஒன்றைப் பார்ப்போம். 1956 முதல் இலங்கையில் வாழ்ந்த ஆர்தர் கிளார்க், இயக்குநர் குப்ரிக்குடன் சேர்ந்து உருவாக்கிய '2001' என்ற விண்வெளிக் கதை 1968-இல் நாவலாகவும் படமாகவும் வெளிவந்தது. நாவலில் விண்கலம் சனிக்கோளுக்குச் செல்கிறது. படத்திலோ வியாழனோடு நின்றுவிடுகிறது. சனியின் வளையங்களைத் தந்திரக் காட்சியாகத் திருப்திகரமாக எடுக்க முடியாமற்போனதே காரணம். 1982-இல் கிளார்க் இரண்டாம் பாகம் எழுதியபோது தம் நாவலைக் கைவிட்டுப் படத்தைப் பின்பற்றினார். மூலத்துக்குத் துரோகம் என்று சொல்லத் தோன்றும். ஆனால் இடையில், 1979-இல், இரண்டு வாயேஜர் விண்கலங்கள் வியாழனைக் கடந்து சென்றிருந்தன. அயோ என்ற துணைக்கோளில் எரிமலைகள் குமுறுவதையும், யூரோப்பா என்ற துணைக்கோள் வெடிப்புகள் ஓடிய பனிக்கட்டியால் மூடப்பட்டிருப்பதையும் அவை படம்பிடித்து அனுப்பின. அந்தப் புதிய செய்திகளைக் கொண்டுதான் கிளார்க் இரண்டாம் பாகத்தைப் புனைந்தார். சம்பவத்தை மாற்றினார்; வானியலின் விதிகளை மாற்றவில்லை.

தமிழில் இவ்வழக்குக்குப் பொருளானவை பெரும்பாலும் சுஜாதாவின் படைப்புகள்தாம். ரங்கராஜன் என்ற இயற்பெயர் கொண்ட அவர் (1935–2008) திருச்சி புனித வளனார் கல்லூரியில் பௌதிகமும், குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் மின்னணுவியலும் பயின்றவர். பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் மின்னணு வாக்கு எந்திரத்தை உருவாக்கும் பணியில் முக்கியப் பங்கு கொண்டவர். எந்திரத்தை அறிந்தவர் எழுதிய எந்திரக் கதைகள் அவை.

1986-இல் கமல்ஹாசன் நடித்த 'விக்ரம்' வெளியாயிற்று. படம் தயாராகிக்கொண்டிருந்தபோதே சுஜாதா அக்கதையைக் குமுதத்தில் தொடராக எழுதினார். ஓவியங்களுக்குப் பதிலாகப் படப்பிடிப்புப் புகைப்படங்கள் இடம்பெற்றன. பட விளம்பரத்துக்காக எழுதப்பட்டது என்று அதை ஒதுக்குவோர் உண்டு. ஆனால் திரையில் ஓடி மறையும் கம்ப்யூட்டர் செய்திகளை நிறுத்தி வாசிக்க இடம் கொடுத்தது அச்சுத்தொடர்தான். கதையில் களவுபோகும் ஏவுகணையின் பெயர் 'அக்னிபுத்ரா'. 1989-இல் நம் நாடு 'அக்னி' ஏவுகணையைச் செலுத்தியபோது ஆசிரியரைத் தீர்க்கதரிசி என்று கொண்டாடினார்கள். உண்மையில் 'அக்னி'யையும் உள்ளடக்கிய ஏவுகணைத் திட்டம் 1983-லேயே தொடங்கிவிட்டது. தீர்க்கதரிசனத்தைவிட, நாட்டில் நடப்பதை உற்றுக் கவனிக்கும் பழக்கம் அவருக்கு அதிகம் என்றே நான் எண்ணுகிறேன்.

இயந்திர நாய்

ஜீனோவுக்கு வருவோம். 1980-களில் ஆனந்த விகடனில் தொடராக வந்த 'என் இனிய இயந்திரா' 2020-களின் இந்தியாவைச் சித்திரித்தது. (அந்த ஆண்டுகளை நாம் நேரிலேயே பார்த்துவிட்டோம்!) அங்கே மக்களுக்கு இரண்டே எழுத்தில் பெயர். பிள்ளை பெற அரசின் அனுமதி வேண்டும். நாட்டை ஆளும் ஜீவா இரத்தமும் சதையுமான மனிதரா, ஒளியால் அமைந்த முப்பரிமாணப் பிம்பமா என்பதே கதையின் முடிச்சு. இத்தனைக்கும் நடுவில், நிலா என்ற பெண்ணுக்குத் துணையாக, புத்தகம் படித்துக் கேலி பேசும் ஓர் இயந்திர நாய்.

முப்பரிமாணப் பிம்பம் ஆசிரியரின் கற்பனை அன்று. டென்னிஸ் கேபார் 1940-களின் பிற்பகுதியிலேயே ஹாலோகிராம் முறையைக் கண்டறிந்து, 1971-இல் நோபல் பரிசும் பெற்றார். ஆனால் அதற்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. பிம்பத்தைப் பார்ப்பவரின் கண், ஒளியை அனுப்பும் தகட்டை நோக்கியே இருக்க வேண்டும். வெறும் காற்றின் நடுவே, நாற்புறமிருந்தும் காணும்படி ஓர் உருவத்தை நிறுத்த அம்முறையால் இயலாது. நாவலில் இந்த இடத்தில் கொஞ்சம் சலுகை எடுத்துக்கொள்ளப்பட்டிருக்கிறது. கதை கேட்கும் கேள்விக்காக அதை மன்னிக்கலாம்.

'மீண்டும் ஜீனோ' என்ற இரண்டாம் பாகத்தைப் பற்றி ரசிகர்கள் இரு கட்சியாகவே இருக்கிறார்கள். முதல் பாகத்தின் மர்மம் உடைந்தபின் இது எதற்கு என்பது ஒரு கட்சி. நான் மறு கட்சி. முதல் பாகம் 'ஆள்பவர் உண்மையா?' என்று கேட்டது. இரண்டாவதில் நிலாவே ஆட்சிப் பீடத்தில் அமர்த்தப்படுகிறாள். அதிகாரமோ வேறு கைகளில் இருக்கிறது. பிம்பத்தின் இடத்தில் மனிதரை வைத்தாலும் அவர் பிம்பமாகவே இருக்கக்கூடும் என்று காட்டுகிற கதை வீணாக எழுதப்பட்டது ஆகாது. அதே உலகம், அதே விதிகள். கேள்வி மட்டும் ஒரு படி மேலே போயிருக்கிறது. ஜீனோவின் நாக்கும் மழுங்கவில்லை.

பின்னர் இக்கதை தூர்தர்ஷனில் தொடராக வந்தது. எழுத்தில் ஜீனோவைப் படைக்க ஒரு வாக்கியம் போதும். திரையிலோ நாயைக் கண்ணால் காட்டியாக வேண்டும். ஜப்பானின் சோனி நிறுவனம் 'ஐபோ' என்ற இயந்திர நாயை விற்பனைக்குக் கொண்டுவந்ததே 1999-இல்தான். ஆகவே நாவலோடு ஒப்பிட்டு அத்தொடரைக் குறை சொல்வதில் நியாயம் இல்லை.

சிட்டியின் எடை என்ன?

2010-இல் ஷங்கரின் 'எந்திரன்' வந்தது. வசனத்தில் பங்கு கொண்ட சுஜாதா, படம் வெளிவருமுன்பே காலமாகிவிட்டார். சிட்டி ஜீனோவின் தம்பி என்பது ரசிகர் வாக்கு. தன் வேகம் ஒரு டெராஹெர்ட்ஸ், நினைவகம் ஒரு ஜெட்டாபைட் என்று சிட்டி பெருமை பேசுகிறது. இதைக் கொஞ்சம் கணக்கிட்டுப் பார்ப்போமா?

டெராஹெர்ட்ஸ் என்றால் விநாடிக்கு லட்சம் கோடி துடிப்புகள். ஒரு துடிப்பு நேரத்தில் ஒளியே 0.3 மில்லிமீட்டர்தான் செல்லும். சில்லின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குச் செய்தி போய்ச் சேருமுன் பல துடிப்புகள் கழிந்துவிடும். இன்றைய வேகமான சில்லுகள் 5 கிகாஹெர்ட்ஸ் அளவில் இயங்குகின்றன. அவற்றின் ஒரு துடிப்பில் ஒளி 6 சென்டிமீட்டர் செல்கிறது. ஜெட்டாபைட்டோ நூறு கோடி டெராபைட். செல்பேசியில் செருகும் ஒரு டெராபைட் அட்டையின் எடை கால் கிராம் என்று வைத்துக்கொண்டால், சிட்டியின் நினைவகம் மட்டும் 250 டன்! சிட்டி நடந்தால் தரை தாங்காது.

இதை நான் பெரிய பிழையாகக் கருதவில்லை. இது அளவில் மிகை. காலம் மாறினால் அட்டையின் எடை குறையும். மேலும் அஸிமோவ் 1942-இல் வகுத்த 'எந்திரன் மனிதனுக்குத் தீங்கு செய்யலாகாது' என்ற விதியை, போருக்குச் செல்லும் எந்திரனுக்கு எப்படிப் பொருத்துவது என்று அப்படம் கேட்டது. ஜீனோவின் உறவு என்று சொல்லிக்கொள்ள அது போதும்.

2018-இல் வந்த '2.0' மீதுதான் எனக்கு வருத்தம். செல்பேசிக் கோபுரங்களின் அலைகளால் பறவைகள் மடிகின்றன என்பதை நிறுவப்பட்ட உண்மைபோல் அது காட்டியது. செல்பேசி நிறுவனங்களின் சங்கம் தணிக்கை வாரியத்திடம் புகாரே கொடுத்தது. அவர்களுக்குத் தொழில் அக்கறை இருக்கும். பௌதிகம் என்ன சொல்கிறது? 2 கிகாஹெர்ட்ஸ் அலையின் ஒரு துகளுக்குரிய ஆற்றல், நம் கண்ணுக்குத் தெரியும் ஒளித்துகளின் ஆற்றலைவிடச் சுமார் மூன்று லட்சம் மடங்கு குறைவு. உயிரணுவின் மூலக்கூறுகளைப் பிளக்க அதனால் இயலாது. மிகுந்த அளவில் பாய்ந்தால் சூடேற்றும், அவ்வளவே. இன்னொரு பக்கமும் உண்டு. ஜெர்மானிய ஆய்வாளர்கள் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், நகரத்து மின்கருவிகள் எழுப்பும் வானொலி இரைச்சல் ராபின் பறவையின் காந்தத் திசையறிவைக் குலைப்பதைக் கண்டார்கள். ஆனால் அது ஏறத்தாழ 50 கிலோஹெர்ட்ஸ் முதல் 5 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலை. செல்பேசி அலை அன்று. பறவை சாவதும் இல்லை, வழி தவறுகிறது. திசை இழந்த ஒரு பறவையை வைத்து எத்தனை அருமையான கதை சொல்லியிருக்கலாம்! இன்று வகுப்பில் சிட்டுக்குருவி பற்றிய கேள்வி எழுந்தால் மாணவர்கள் முதலில் சொல்வது அப்படத்தைத்தான். தமிழில் விஞ்ஞானக் கதைகள் மிகச் சில. ஆகவே ஒவ்வொன்றும் பாடப்புத்தகத்தின் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது.

2022-இல் லோகேஷ் கனகராஜின் 'விக்ரம்' பழைய பெயரையும் உளவாளியையும் எடுத்துக்கொண்டு, 2019-இல் வந்த 'கைதி'யோடு முடிச்சுப் போட்டது. ஏவுகணையைக் காணோம். விறுவிறுப்பான படம், நம் வழக்குக்குள் வராது.

நான் வசிக்கும் பென்னலூர், இருங்காட்டுக்கோட்டைக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் இடையில் நெடுஞ்சாலையோரம் இருக்கிறது. இவ்வட்டாரக் கார் ஆலைகளில் உடற்பகுதிகளைப் பற்றவைப்பவை எந்திரக் கைகள். முகமும் கிடையாது, பேச்சும் கிடையாது. அவை இரும்பு வேலிக்குள் நிற்கும். யாராவது வேலிக் கதவைத் திறந்தால், கதவிலுள்ள விசை இணைப்பைத் துண்டிக்க, கை அப்படியே நின்றுவிடும். அஸிமோவின் முதல் விதி அங்கே ஒரு விசையாகவும் இரண்டு கம்பிகளாகவும் இருக்கிறது. ஜீனோவுக்கு மூன்றாம் பாகம் எழுத யாராவது முன்வந்தால், அந்த விசையை யாரோ கழற்றிவிட்ட ஓர் இரவுப் பணிநேரத்தில் கதையைத் தொடங்கலாம்.