சிறுவர் விஞ்ஞானக் கண்காட்சிப் பரிசோதனைகள்

பள்ளிப் பிராயத்துப் பிள்ளைகள், வீட்டிலும் கடைத்தெருவிலும் எளிதிற் கிடைக்கும் பொருள்களைக் கொண்டு தாமே செய்து பார்த்து, கண்டதைக் குறித்து வைத்து, பிறர்க்கு விளக்கிக் காட்டும் சோதனைகள் இப்பெயரால் வழங்கும். அட்டையில் செய்த மாதிரிகளும் வண்ணப் படங்களும் கண்காட்சிகளில் மிகுதியாக இடம்பெறினும், ஒரு கேள்வியை எழுப்பி, அதற்கு விடையை இயற்கையிடமே கேட்டுப் பெறும் முயற்சிக்குத்தான் பரிசோதனை என்னும் பெயர் பொருந்தும்.

இளையோர்க்கென்றே விஞ்ஞானத்தைச் செய்து காட்டி விளக்கும் வழக்கத்திற்கு, லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் 1825-இல் தொடங்கிய கிறிஸ்துமஸ் சொற்பொழிவுகள் பெரும் கீர்த்தியைத் தேடித் தந்தன. ஒரு மெழுகுவர்த்தியை மாத்திரமே விஷயமாகக் கொண்டு மைக்கேல் பாரடே ஆங்கு நிகழ்த்திய ஆறு சொற்பொழிவுகள் நூலாகி இன்றளவும் படிக்கப்படுகின்றன. பிள்ளைகளே முன்னின்று காட்டும் கண்காட்சியோ அமெரிக்காவில் செழித்து வளர்ந்தது; அந்நாட்டின் முதல் தேசிய விஞ்ஞானக் கண்காட்சி 1950-இல் பிலடெல்பியா நகரில் கூடிற்று. இந்தியாவில் தேசியக் கல்வி ஆராய்ச்சி பயிற்சிக் கவுன்சில் 1971 முதல் சிறுவர் கண்காட்சிகளை நடத்தி வருகிறது. தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடு 1993-இல் தொடங்கியது. விலையுயர்ந்த உபகரணங்கள் இத்தகைய சோதனைகளுக்கு வேண்டுவதில்லை என்பதற்கு யுனெஸ்கோவின் பணியே தக்க சான்றாகும்: உலகப் போரில் ஆய்வுக்கூடங்களை இழந்த தேசங்களின் ஆசிரியர்களுக்காக ஜே. பி. ஸ்டீபன்சன் எழுதிய சிறு நூலை அது 1948-இல் வெளியிட்டு, பின்னர் அதனை விரித்து 1956-இல் ஒரு பெருநூலாகவே அளித்தது.

வயது எதுவாயினும் விதி ஒன்றே. ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, ஏனையவற்றை மாறாமற் காத்து, விளைவை அளந்து எழுத வேண்டும். வயதுக்குத் தக்கபடி வேறுபடுவது அளவையின் நுட்பமே.

ஐந்து முதல் ஏழு வயது வரையுள்ள குழந்தைக்குப் பச்சைப்பயறு போதும். ஒரே அளவான இரண்டு தட்டுகளில் பஞ்சைப் பரப்பி, எண்ணிப் பத்துப் பயறு வைத்து, ஒரே அளவு நீர் தெளித்து, ஒன்றைச் சன்னலருகிலும் மற்றொன்றை அலமாரிக்குள் இருட்டிலும் வைத்தால், சில நாட்களில் இருட்டிலுள்ள முளைகள் வெளிறி மஞ்சளாகவும், வெளிச்சத்தில் உள்ளவற்றைக் காட்டிலும் நெடிதாகவும் நிற்கும். இருட்டில்தான் செடி நன்றாக வளர்கிறது என்று குழந்தை சொல்லுமாயின் அதனை உடனே மறுத்துரைக்காது, தண்டின் தடிமனையும் இலையின் நிறத்தையும் பார்க்கச் சொல்வதே முறை; உயரம் வேறு, வளம் வேறு என்பதை அது தன் கண்ணாலேயே அறிந்துகொள்ளும். முளைத்த பயறு ஒன்றைத் தலைகீழாகத் திருப்பி வைத்தால் வேர் மறுபடியும் வளைந்து கீழ்நோக்கியே செல்வதையும் காணலாம். இதற்குப் பூமியின் ஈர்ப்பே காரணம் என்பதற்குத் தாமஸ் ஆண்ட்ரூ நைட் என்பவர் 1806-இல் சுழலும் சக்கரத்தில் விதைகளைக் கட்டி முளைக்க வைத்துச் சான்று தந்தார்.

எட்டு முதல் பத்து வயதினர்க்கு மஞ்சளினும் சிறந்த குரு இல்லை. மங்கல காரியங்களில் மஞ்சள் நீரில் சுண்ணாம்பைக் கலந்து ஆலம் கரைக்கும்போது அது செக்கச் சிவந்து போவதைக் கண்டிராத தமிழ்ப் பிள்ளை அரிது. அந்தச் சிவப்பே இரசாயன சாஸ்திரத்தின் வாயிலாக அமைகிறது. மஞ்சளின் நிறப்பொருள் நீரில் நன்கு கரையாதாகையால், தூளைச் சிறிது ஸ்பிரிட்டில் கலக்கித் தெளிந்ததை எடுத்து, மையொற்றுத் தாளை அதில் நனைத்து உலர்த்திப் பட்டைகளாக நறுக்கிக்கொள்ள வேண்டும். சவர்க்காரக் கரைசலோ சுண்ணாம்புத் தெளிவோ ஒரு துளி பட்டவுடன் மஞ்சள் தாள் செம்பழுப்பாகும். அதே இடத்தில் எலுமிச்சைச் சாற்றை இட்டால் பழைய நிறத்திற்கே மீளும். எனினும் மஞ்சளுக்கு ஒரு குறை உண்டு. வெறுந் தண்ணீரையும் புளிக்கரைசலையும் அது வேறுபடுத்திக் காட்டாது. இரண்டிலும் மஞ்சளாகவே நிற்கும். இக்குறையைச் செம்பருத்தி தீர்க்கிறது: அதன் இதழ்களை வெந்நீரில் ஊறவைத்து வடித்த சாறு, அமிலத்தில் இளஞ்சிவப்பாகவும் காரத்தில் பச்சையாகவும் மாறும். மோர், புளி, பற்பசை, சலவைத்தூள் முதலியவற்றை இவ்விரண்டாலும் சோதித்து அட்டவணையிடும் பிள்ளை, ஒரு கருவி எதைக் காட்டும், எதைக் காட்டாது என்னும் அரிய பாடத்தையும் உடன் கற்கிறது.

இதே வயதினர் முட்டையை உப்புநீரில் மிதக்க வைப்பதும் உண்டு. அதனை வேடிக்கையாக விட்டுவிடாமல், ஒரு லிட்டர் நீருக்கு எத்தனை கரண்டி உப்பு இட்டால் முட்டை எழும்புகிறது என்று கணக்கிடச் செய்தல் நலம். நாட்பட்ட முட்டையில் ஈரம் குறைந்து காற்றறை பெருகுவதால் அது விரைவில் மிதந்துவிடும். ஆகையால் சோதனை முழுவதற்கும் ஒரே முட்டையைப் பயன்படுத்த வேண்டும்.

பதினொன்று முதல் பதின்மூன்று வயதினர்க்கு ஏற்றது ஊசல். ஒரு நூலும் ஒரு கல்லும் கைக்கடிகாரமும் இருந்தால் போதும். தொங்கும் இடத்திலிருந்து கல்லின் மையம் வரை 25 சென்டிமீட்டர் இருக்கும்படி கட்டி, சிறிதளவே விலக்கி விட்டு, பத்து முறை போய்வரும் காலத்தைக் குறித்தால் ஏறக்குறைய 10 விநாடி வரும். 50 சென்டிமீட்டருக்கு 14 விநாடியளவும், ஒரு மீட்டருக்கு 20 விநாடியளவும் ஆகும். நீளம் நான்கு மடங்கானால் காலம் இரு மடங்கே ஆகிறது என்னும் இந்த நியதி, சூத்திரமாக மனனம் செய்யப்படுவதற்கு முன்னமே பிள்ளையின் கையெழுத்தில் அட்டவணையாக நின்றுவிடுகிறது. பின்னர்க் கல்லின் எடையை இரட்டித்தும் காலம் மாறாதிருப்பதைக் காணும்போது அவர்கள் அடையும் வியப்பு மெய்யானது. அதனைக் கெடுக்காதவாறு ஆசிரியர் முடிவை முன்கூட்டிச் சொல்லாதிருக்க வேண்டும். உயிரியலில் நாட்டமுள்ளவர், ஒரே இட்லி மாவை மூன்று நேரான கண்ணாடிக் குவளைகளில் சம உயரத்திற்கு ஊற்றி, குளிர்ப்பெட்டியிலும் கூடத்திலும் வெதுவெதுப்பான இடத்திலும் வைத்து, மாவு எழும்பும் உயரத்தை மணிக்கொரு தரம் அளக்கலாம். நுண்ணுயிர்கள் வெளியிடும் கரியமில வாயுவே மாவை உயர்த்துகிறது.

பதினான்கு வயதுக்கு மேற்பட்டோர், எலுமிச்சம்பழத்தில் செப்புத் தகட்டையும் துத்தநாகம் பூசிய ஆணியையும் செருகி மின்கலம் அமைப்பர். ஒரு பழம் தருவது ஒரு வோல்ட்டுக்குச் சற்றுக் குறைவேயாதலின், மூன்று நான்கைத் தொடராக இணைத்தாலன்றிச் சிவப்பு எல்.இ.டி. விளக்கு ஒளிராது. சக்தி பழத்திலிருந்து வருகிறதென்பது பொதுவான பிழை. கரைந்து தேயும் துத்தநாகமே அதனை அளிக்கிறது. அட்டையில் மலை செய்து, சமையல் சோடாவில் வினிகரை ஊற்றிப் பொங்க வைக்கும் எரிமலை கூட்டத்தைக் கவரினும், அப்படியே காட்டினால் அதில் கேள்வி ஏதும் இல்லை என்பதே நம் அபிப்பிராயம். அவ்வினிகரையே புட்டியில் மாறா அளவாக வைத்து, சோடாவைச் சிறிது சிறிதாகக் கூட்டி, வாயில் மாட்டிய பலூனின் சுற்றளவை ஒவ்வொரு முறையும் அளந்தால், ஓர் எல்லைக்கு மேல் பலூன் பெருக்காமல் நிற்பதும், வினிகர் தீர்ந்து போனதே அதற்குக் காரணம் என்பதும் விளங்கும்.

ஸ்பிரிட்டைத் தீயருகே கொணர்தலும், வீட்டு மின்சாரத்தில் கம்பியைச் செருகுதலும், லென்ஸின் வழியே சூரியனை நோக்குதலும் அறவே விலக்கத்தக்கவை. சிறுவர் செய்யும் எந்தச் சோதனையும் பெரியவர் ஒருவரின் பார்வையில் நடைபெற வேண்டும். ஆனால் கை பிள்ளையுடையதாகவே இருத்தல் வேண்டும். ஒவ்வோர் அளவையும் மும்முறை எடுத்து, ஒத்து வராத எண்ணையும் அழிக்காமல் தேதியுடன் குறிப்பேட்டில் எழுதப் பழக்குவது பெற்றோரின் கடமை. நடுவராக அமரும் பெரியோர்கள், மேசைமேலுள்ள அலங்காரத்தை நோக்குவதற்கு முன் அக்குறிப்பேட்டைக் கேட்டு வாங்கிப் படிப்பார்களாக.