எருக்குழியும் உரமூட்டையும்

வைகையின் வடகரையிலுள்ள நமது கோரிப்பாளையம் இன்று மாநகரின் நடுவே நிற்கிறது. ஆயினும் மதுரையைச் சூழ்ந்த சமவெளி நெல் விளையும் பூமியே ஆகும். 1895-ஆம் ஆண்டில் பெரியாற்று நீர் மலையைக் கடந்து வைகைக்குத் திருப்பப்பட்டது. மதுரைச் சீமையில் நன்செய் பெருகிற்று. நீர் வந்த வரலாற்றைப் பலரும் எழுதியுள்ளனர். அந்நிலங்களுக்கு எருச் சுமந்த கைகளின் வரலாற்றை எழுதியோர் மிகச் சிலரே. அதனை நம் இளைஞர் அறிதல் வேண்டும் என்பதே நமது விழைவு.

முற்காலத்தில் நெல்லுக்கு உணவானவை தொழு உரமும், கொளுஞ்சி முதலிய தழைகளும், கண்மாய் வண்டலும், சாம்பலுமே. மாட்டுத் தொழுவைக் கூட்டுவதும், குழியில் குப்பை நிரப்புவதும், வயலுக்குக் கூடை கூடையாகச் சுமப்பதும் பெரும்பாலும் நம் முன்னோரின் வேலையாயின. மண்ணை வளமாக்கியவர் அவர். மண்ணுக்கு உரியவர் வேறொருவர். அவர்தம் அனுபவ அறிவு அறிவாக மதிக்கப்படவும் இல்லை. ஆனால், இந்திய வேளாண்மையை ஆராய அனுப்பப்பட்ட வோல்க்கர் என்னும் ஆங்கில இரசாயன அறிஞர், 1893-இல் வெளிவந்த தம் அறிக்கையில், இந்நாட்டு உழவர் சாணத்தை எரிப்பது அறியாமையால் அன்று, விறகு இல்லாமையால் என்று எடுத்துக்காட்டினார்.

பின்னர் மூட்டை உரம் வந்தது. 1906-இல் இராணிப்பேட்டையில் சூப்பர் பாஸ்பேட் தொழிற்சாலை தொடங்கிற்று. 1947-இல் கேரளத்து ஆலுவாயில் அமோனியம் சல்பேட் உற்பத்தியாயிற்று. எழுபதுகளில் மணலியும் தூத்துக்குடியும் யூரியாவை அளித்தன. இதனிடையே 1965-இல் ஆடுதுறை 27, 1966-இல் ஐ.ஆர். 8 ஆகிய நெல் வகைகள் வந்தன. உரத்தை ஏற்று இவை மிகுந்த விளைச்சல் தந்தன. பஞ்ச அச்சம் குறைந்தது. இதனை மறுத்தல் நன்றியன்று. ஆனால் விளைச்சல் உயர்ந்ததால் மட்டும் உழைப்பவன் கூலி உயர்ந்துவிடவில்லை. கூலி உயர்வுப் போராட்டம் நடந்த கீழவெண்மணியில் 1968 டிசம்பர் 25 அன்று நம் மக்கள் 44 பேர் தீக்கிரையாக்கப்பட்டனர்.

மண்ணும் தன் குறையைக் காட்டிற்று. 1966-இல் பந்த்நகரில் நெற்பயிரைத் தாக்கிய ‘கைரா’ நோய், துத்தநாகக் குறையால் வருவது என்று கண்டறியப்பட்டது. தழை, மணி, சாம்பல் என்னும் முச்சத்துக்களை மட்டும் இட்டால் போதாது என்பது இதனால் விளங்கும்.

அங்ஙனமாயின் மூட்டையை விட்டுக் குப்பைக்கே திரும்பலாமா? கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு டன் தொழு உரத்தில் தழைச்சத்து ஏறத்தாழ 5 கிலோ. அதுவும் மெல்ல மெல்லவே வெளிப்படும். 100 கிலோ யூரியாவில் 46 கிலோ உண்டு. ஆனால் தேங்கிய நீரில் அதன் ஒரு பகுதி காற்றோடும் நீரோடும் போய்விடும். குப்பை மண்ணைக் காக்கும். யூரியா பயிரின் உடனடிப் பசியைத் தீர்க்கும். ஆகவே எக்டேருக்கு 12.5 டன் மட்கிய எருவை அடியுரமாக இட்டு, மண் பரிசோதனைப்படி இரசாயன உரத்தைப் பகிர்ந்து இடுமாறு தமிழ்நாட்டு வேளாண் அறிஞர் பரிந்துரைத்தனர். கோவையில் 1909-இல் தொடங்கி நூற்றாண்டைக் கடந்த நிலையான உரச்சோதனை வயல், நெல்வயல் அன்றெனினும், இரண்டும் சேர்ந்த பாத்தியே நீண்ட காலம் நிலைக்கும் என்று காட்டிற்று. மட்காத வைக்கோலை இட்டால் அது பயிரின் தழைச்சத்தையே முதலில் கவர்ந்துகொள்ளும் என்பதையும் மறத்தல் ஆகாது.

நகரக் குப்பையின் வரலாறு இன்னும் கசப்பானது. 1931-இல் ஆல்பர்ட் ஹோவர்டு இந்தூர் முறையை நூலாக வெளியிட்டார். பின்னர் ஆச்சார்யா வகுத்த பெங்களூர் முறையில் நகரக் குப்பையும் மனிதக் கழிவும் அடுக்கடுக்காகக் குழியில் நிரப்பப்பட்டன. முறைகளுக்குப் பெயர் உண்டு. அக்குழிகளுக்குக் கழிவைத் தலையில் சுமந்து சென்றோர்க்குப் பெயரில்லை. அவ்விழிவை 1993-ஆம் ஆண்டுச் சட்டமும் 2013-ஆம் ஆண்டுச் சட்டமும் தடை செய்தன. 2016-இல் மத்திய அரசு, நகரக் கம்போஸ்டை உரக் கம்பெனிகளே இரசாயன உரத்தோடு சேர்த்து விற்கவும், டன்னுக்கு 1,500 ரூபாய் உதவி தரவும் திட்டம் அறிவித்தது. நேற்றுவரை இழிவென்று ஒதுக்கிய பொருள் விலைச் சரக்காயிற்று!

இளைஞர்களே! இங்கேதான் நாம் விழித்திருத்தல் வேண்டும். சுமக்கும் வேலை நமக்கும், விற்கும் இலாபம் பிறர்க்கும் என்னும் பழைய பங்கீடு மீண்டும் வரலாகாது. தரம் பிரிக்காத குப்பையில் கண்ணாடியும் பிளாஸ்டிக்கும் மின்கலத்து ஈயமும் கலந்து வயலைக் கெடுக்கும். எனவே இது கல்வி வேண்டும் தொழில். 1965 முதல் நம் அருகே ஒத்தக்கடையில் வேளாண்மைக் கல்லூரி இருக்கிறது. அதன் வாயிலுக்குள் மண்ணியல் மாணவராக நுழையுங்கள். உர ஆய்வாளராக, கூட்டுறவு உற்பத்தியாளராக, நிலத்துக்கு உரியவராக வெளிவாருங்கள். முன்னோர் தலையில் சுமந்ததை நாம் அறிவில் சுமப்போம். நம் கல்விச் சங்கத்தின் வெள்ளிவிழாவில் நாம் ஏற்கும் உறுதி இதுவே ஆகுக.