மண்ணிடம் நகரம் பட்ட கடன்

புதுக்கோட்டைக்குப் பேருந்தில் வரும்போது சன்னல் வழியே சற்றுப் பாருங்கள். ஊர் நெருங்க நெருங்கச் செம்மண் வயல்கள் குறைந்து, மனைக்கற்கள் நட்ட நிலங்கள் கண்ணில் படும். "மண் அங்கேயேதானே இருக்கிறது?" என்று நீங்கள் கேட்கலாம். மண் இருப்பது வேறு. மண்ணில் வளம் இருப்பது வேறு. இந்த வேறுபாட்டை அறிய அவ்வூரின் வரலாற்றைச் சிறிது புரட்டுவோம்.

இம்மாவட்டத்தில் செம்மண்ணும் செம்புறை மண்ணும் மிகுதி. இயற்கையிலேயே இவற்றில் மட்கும் தழைச்சத்தும் குறைவு. இவற்றிலுள்ள இரும்பும் அலுமினியமும் மணிச்சத்தைப் பிடித்துக்கொண்டு, பயிருக்கு எளிதில் விடா. இத்தகைய மண்ணிலும் பல நூற்றாண்டுகளாக நெல் விளைந்ததே, எவ்வாறு?

விடை கண்மாய்களில் இருக்கிறது. மடையும் குமிழியும் அமைத்த செய்தியைக் கூறும் பழங்கல்வெட்டுகள் இப்பகுதியில் பல உண்டு. மழைநீர் மேட்டுநிலத்து நுண்மண்ணையும் சருகுகளையும் அடித்துவந்து கண்மாயில் படியவிடும். கோடையில் உழவர்கள் அவ்வண்டலை வெட்டி, வண்டியிலேற்றி வயலில் பரப்பினர். வண்டலில் களித்துகள்கள் மிகுதியாதலால், அது நீரையும் சத்தையும் தாங்கி நிற்கும். சாணம், சாம்பல், வீட்டுக்குப்பை யாவும் எருக்குழி வழியாக வயலுக்கே திரும்பின. எடுத்ததை மண்ணுக்கே மீட்டளித்த முறை இது.

இனி நகரைக் காண்போம். தொண்டைமான் மன்னர்களின் தலைநகராக விளங்கிய இவ்வூரை, 1878 முதல் 1894 வரை ஆட்சிப் பொறுப்பிலிருந்த சேஷையா சாஸ்திரி சீரமைத்தார். 1912இல் நகராட்சி ஏற்பட்டது. 1948இல் சமஸ்தானம் இந்திய ஒன்றியத்துடன் இணைந்தது. 1974இல் ஊர் மாவட்டத் தலைநகரமாயிற்று, 2024இல் மாநகராட்சியாயிற்று. ஊர் வளர வளர, அலுவலகங்களும் சாலைகளும் குடியிருப்புகளும் பெருகின.

நகர வளர்ச்சி எங்கும் மண்ணை மூன்று வகைகளில் பாதிக்கிறது. முதலாவது, இறுக்கம். வண்டிகளும் பொறிகளும் அழுத்துவதால் மண்ணின் நுண்துளைகள் மூடிக்கொள்கின்றன. காற்றும் நீரும் வேரும் உட்புக இயலாது. இரண்டாவது, மூடாக்கு. சிமெண்டும் தாரும் மூடிய மண்ணுக்குச் சருகு விழாது; மண்புழுவும் நுண்ணுயிர்களும் உணவின்றிக் குன்றும். மூன்றாவது, சத்தின் ஒருவழிப் பயணம். ஒரு டன் நெல் விளைய ஏறக்குறைய 15 முதல் 20 கிலோ தழைச்சத்து தேவை. அதில் பெரும்பங்கு நெல்மணியோடு நகருக்குச் செல்கிறது. பின்பு சாக்கடையிலும் குப்பைமேட்டிலும் முடங்குகிறது. வயலுக்குத் திரும்புவதில்லை. இதுவே நகரம் பட்ட கடன்.

இக்கடனைத் தீர்க்கும் வழியை உலகம் அறியாமலில்லை. 1909இல் சீனாவுக்கும் ஜப்பானுக்கும் சென்ற அமெரிக்க மண்ணியல் அறிஞர் கிங், நகரக் கழிவுகள் வயல்களுக்கு எருவாகச் செல்வதைக் கண்டு வியந்தார். ஆல்பர்ட் ஹோவார்டு நம் நாட்டின் இந்தூரில் ஆய்வு நடத்தி, கழிவுகளை மட்கச்செய்யும் முறையை 1931இல் வெளியிட்டார். தமிழ்நாட்டில் 2017 முதல் விவசாயிகள் ஏரி வண்டலைக் கட்டணமின்றி எடுக்க வழி செய்யப்பட்டது. நகரங்களில் நுண்ணுர மையங்களும் இயங்குகின்றன. ஆயினும் ஓர் எச்சரிக்கை: மின்கலமும் கண்ணாடியும் நெகிழியும் கலந்த குப்பையிலிருந்து கிடைக்கும் உரம் மண்ணை வளப்படுத்தாது, கெடுக்கும். தரம் பிரிப்பது நம் வீட்டிலேயே தொடங்க வேண்டும்.

மாணவர்களே, ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். இருபுறமும் திறந்த தகரக்குவளையை வயல் மண்ணில் ஒரு விரற்கடை ஆழம் அழுத்தி, ஒரு தம்ளர் நீர் ஊற்றுங்கள். நீர் முழுதும் இறங்கும் நேரத்தைக் குறியுங்கள். வண்டிகள் நிற்கும் வெற்றிடத்திலும் அவ்வாறே செய்யுங்கள். இரு நேரங்களையும் ஒப்பிட்டால், மண் என்ன இழந்தது என்பது விளங்கும். ஓர் அங்குல மேல்மண் உருவாகப் பல நூற்றாண்டுகள் ஆகும். அதைக் கெடுக்க ஒரு கோடைக்காலமே போதும்.