மார்பகப் புற்றுநோய்க் குருத்தணுக்கள்: ஆய்வு வரலாறு

மார்பகப் புற்றுநோய்க் கட்டியிலுள்ள உயிரணுக்கள் அனைத்தும் ஒரே தன்மை கொண்டவை அல்ல. அவற்றுள் ஒரு சிறு பகுதி, உடலின் இயல்பான குருத்தணுக்களைப் போலத் தம்மைத் தாமே புதுப்பித்துக்கொண்டு புதிய கட்டியை உருவாக்க வல்லவை. இவையே மார்பகப் புற்றுநோய்க் குருத்தணுக்கள் எனப்படுகின்றன. சிகிச்சையால் மறைந்த நோய் சில ஆண்டுகளுக்குப் பின் திரும்புவதற்கு இவை ஒரு காரணமாகக் கருதப்படுகின்றன. தொடக்கத்தில் தனி வகையாக எண்ணப்பட்ட இவ்வுயிரணுக்கள், மரபணுக் கட்டுப்பாடு மாறுவதால் தோன்றும் ஒரு நிலையாகவும் இருக்கலாம் என்பதை அடுத்து வந்த ஆய்வுகள் காட்டின.

தொடக்கம்

இக்கருத்து முதலில் இரத்தப் புற்றுநோய் ஆய்வில் உருவானது. 1994 முதல் 1997 வரை கனடாவின் டொராண்டோ நகரில் ஜான் டிக் குழுவினர், நோயாளிகளின் இரத்தப் புற்றுநோய் உயிரணுக்களை எலிகளுக்குச் செலுத்தினர். அவற்றுள் மிகச் சிலவே எலிகளில் நோயை உருவாக்கின.

2003இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் முகம்மது அல்-ஹஜ், மைக்கேல் கிளார்க் ஆகியோர் அடங்கிய குழு மார்பகப் புற்றுநோயிலும் இதைக் கண்டறிந்தது. மேற்பரப்பில் சி.டி.44 என்ற புரதம் இருந்து, சி.டி.24 புரதம் குறைந்தோ இல்லாமலோ இருந்த உயிரணுக்களில் 100 மட்டுமே எலியில் கட்டியை உருவாக்கப் போதுமானவையாக இருந்தன. பிற உயிரணுக்களைப் பல்லாயிரக்கணக்கில் செலுத்தியும் கட்டி உருவாகவில்லை.

மரபணுச் சுவிட்சுகள்

இந்த வேறுபாட்டுக்கான விடையை ஆய்வாளர்கள் எந்த மரபணு இயங்குகிறது, எது அடங்கியிருக்கிறது என்பதில் தேடினர். ஸ்னெயில், டுவிஸ்ட் ஆகியவை பிற மரபணுக்களைக் கட்டுப்படுத்தும் புரதங்கள். பழ ஈயின் கரு வளர்ச்சி ஆய்வுகளில் முதலில் அறியப்பட்டவை. இவை, உயிரணுக்களை ஒன்றோடொன்று பிணைக்கும் ஈ-கேடெரின் புரதத்தின் மரபணுவை அடக்குகின்றன. பிணைப்புத் தளர்ந்த எபிதீலிய உயிரணு, இடம்பெயரக்கூடிய மீசன்கைம் வடிவத்தை அடைகிறது.

2008இல் செந்துறை மணி, ராபர்ட் வெயின்பெர்க் ஆகியோர் அடங்கிய குழு, மனித மார்பக உயிரணுக்களில் ஸ்னெயில் அல்லது டுவிஸ்ட்டைச் செயல்படுத்தியது. அவ்வுயிரணுக்கள் வடிவம் மாறியதோடு குருத்தணுப் பண்புகளையும் பெற்றன.

நுண் ஆர்.என்.ஏ.க்கள்

நுண் ஆர்.என்.ஏ.க்கள் மரபணுவின் செய்தி புரதமாக மாறுவதைத் தடுக்கும் சிறு மூலக்கூறுகள். உருளைப்புழுவில் கண்டறியப்பட்ட லெட்-7 அவற்றுள் ஒன்று. மார்பகக் கட்டியைத் தொடங்கும் உயிரணுக்களில் லெட்-7 குறைந்திருப்பதை 2007இல் சீனாவின் குவாங்சௌ நகர ஆய்வாளர்கள் காட்டினர். அதை மீண்டும் அளித்தபோது அவ்வுயிரணுக்களின் புதுப்பிக்கும் திறன் குறைந்தது.

மிர்-200 குடும்பமும் செப்1 என்ற புரதமும் ஒன்றையொன்று அடக்குபவை. எது மேலோங்குகிறதோ, அதற்கேற்ப உயிரணு எபிதீலிய நிலையிலோ மீசன்கைம் நிலையிலோ நிற்கிறது.

மாறும் நிலை

2011இல் கிறிஸ்டின் சாஃபர், வெயின்பெர்க் ஆகியோரின் ஆய்வு, குருத்தணு அல்லாத உயிரணுக்களும் தாமாகவே குருத்தணு நிலைக்கு மாறக்கூடும் எனக் காட்டியது. இதற்கான காரணம் 2013இல் வெளிவந்தது. சில புற்றுநோய் உயிரணுக்களில் செப்1 மரபணுவின் தொடக்கப் பகுதியிலுள்ள ஹிஸ்டோன்களில், இயக்கும் குறியும் அடக்கும் குறியும் ஒருங்கே உள்ளன. அதனால் மரபணு அடங்கியிருந்தாலும், தூண்டுதல் கிடைத்தவுடன் விழித்துக்கொள்ள ஆயத்தமாக இருக்கிறது.

மருத்துவ முக்கியத்துவம்

2008இல் ஹூஸ்டன் நகரில் நடந்த ஆய்வில், கீமோதெரபிக்குப் பின் கட்டியில் எஞ்சியவற்றுள் குருத்தணுப் பண்புடையவற்றின் விகிதம் உயர்ந்திருந்தது. 2009இல் சுமார் 16,000 வேதிப்பொருள்களைச் சோதித்த ஆய்வு, கோழி வளர்ப்பில் பயன்படும் சாலினோமைசின் இவ்வுயிரணுக்களைத் தாக்குவதைக் கண்டது. ஆயினும் அவற்றை மட்டும் அழித்தால் போதாது. எஞ்சியவை அந்நிலைக்கு மாறக்கூடும் என்பதால், கட்டியின் பிற உயிரணுக்களையும் அழிப்பதோடு, மாற்றத்தைத் தூண்டும் மரபணுச் சுவிட்சுகளைத் தடுப்பதும் ஆய்வின் இலக்காகியுள்ளது.