கண்ணில் சாதியைத் தேடியவர்கள்

திண்டுக்கல் பக்கம் ஒரு சேரியில் பூனைக்கண்ணோடு பிள்ளை பிறந்துவிட்டால் ஊர் முதலில் பேசுவது தாயைப் பற்றித்தான். "கோட்டைக்கு வந்த வெள்ளைக்காரன் விட்டுட்டுப் போனது" என்று டீக்கடையில் ஒருவர் சிரிப்பார். இன்னொருவர் பண்ணை வீட்டுப் பக்கம் ஜாடை காட்டுவார். அதே கண் ஆதிக்கச் சாதி வீட்டுப் பெண்ணுக்கு இருந்தால் அதற்கு அழகு என்று பெயர். கருத்த பார்ப்பனரையும் வெளுத்த தலித்தையும் நம்பக் கூடாது என்று பழமொழியே வைத்திருக்கிற சமூகம் இது. ஆளைப் பார்த்தால் சாதி தெரிந்துவிட வேண்டும். தெரியாவிட்டால் எங்கோ தப்பு நடந்திருக்கிறது, தப்பு செய்தவள் நம் வீட்டுப் பெண். இதுதான் அந்தச் சிரிப்புக்கு அடியில் இருக்கிற கணக்கு.

இந்தக் கணக்குக்கு ஒரு காலத்தில் விஞ்ஞானம் என்றே பெயர் இருந்தது. அந்த வரலாற்றைத் தோழர்கள் தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் அதன் மிச்சம் நம் வாயிலும் இருக்கிறது.

19ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் ஐரோப்பாவில் மனிதர்களை இனம் பிரிக்கும் வெறி பிடித்திருந்தது. கண் நிறம், முடி நிறம், மண்டையோட்டு அளவு ஆகியவைதான் அதன் கருவிகள். ஜெர்மனியில் ருடால்ஃப் ஃபிர்ஹோ என்ற மருத்துவர் 1870களில் பள்ளி ஆசிரியர்களைக் கொண்டு சுமார் 67 லட்சம் குழந்தைகளின் கண், முடி, தோல் நிறங்களைக் கணக்கெடுத்தார். யூதக் குழந்தைகளைத் தனியாக எண்ணினார்கள். 1886இல் முடிவு வந்தது. கலப்பில்லாத இனம் என்று காட்ட எதுவும் அகப்படவில்லை. யூதக் குழந்தைகளிலும் பொன்முடி, நீலக்கண் உண்டு. மற்ற ஜெர்மானியரிலும் கருங்கண்கள் ஏராளம். அத்தோடு முடிந்திருக்க வேண்டிய கதை. ஆனால் அதே நாட்டில் அறுபது வருடம் கழித்து, கரின் மாக்னுசென் என்ற கண் நிற ஆய்வாளருக்கு ஆஷ்விட்ஸ் வதைமுகாமில் கொல்லப்பட்டவர்களின் கண்களை மெங்கலே அனுப்பிவைத்தான். இரண்டு கண்ணும் இரண்டு நிறமாக இருந்தவர்களின் கண்கள் அவை.

இந்தியாவுக்கு வருவோம். இங்கே சாதிகளை அளக்கக் கிளம்பியவர் ஹெர்பர்ட் ரிஸ்லி. 1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையர். அவருக்கு ஒரு சங்கடம் வந்தது. இந்த நாட்டில் ஏறக்குறைய எல்லோருக்கும் கண் கரும்பழுப்பு. கொங்கணஸ்தப் பார்ப்பனர்களில் சிலருக்குச் சாம்பல் கண், வடமேற்கு எல்லையில் சிலருக்கு நீலக்கண், அவ்வளவுதான் என்று அவரே எழுதினார். பார்ப்பனருக்கும் பறையருக்கும் கண் ஒரே நிறமாக இருந்தால் அதை வைத்து எப்படித் தரம் பிரிப்பது? நேர்மையான ஆய்வாளர் இந்த இடத்தில் தன் கொள்கையைச் சந்தேகப்பட்டிருப்பார். ரிஸ்லி கண்ணை விட்டுவிட்டு மூக்குக்குப் போனார். மூக்கின் அகலத்தை நீளத்தால் வகுத்து நூறால் பெருக்கினால் ஒரு எண் வரும். அந்த எண் கூடக்கூடச் சாதியின் அந்தஸ்து குறையும் என்றார். அளவுகோலை மாற்றிக்கொண்டே போனால் வேண்டிய விடை ஒருநாள் கிடைக்கும்தானே!

நம் மாகாணத்தில் அந்த வேலையைச் செய்தவர் எட்கர் தர்ஸ்டன், சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர். ரங்காச்சாரியுடன் சேர்ந்து 1909இல் தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி ஏழு தொகுதிகள் வெளியிட்டார். இன்றும் சாதிச் சங்கங்கள் 'ஆண்ட பரம்பரை' சான்றிதழ் தேடுவது அந்தப் புத்தகங்களில்தான். வயநாட்டில் இவரைக் கண்டதும் பணியர் பெண்கள் ஓடிவிட்டார்களாம்; தங்களில் நல்ல ஆட்களாகப் பார்த்துப் பிடித்து, பஞ்சடைத்து அருங்காட்சியகத்தில் நிறுத்திவிடுவார் என்று பயம். தர்ஸ்டன் இதை வேடிக்கையாக எழுதியிருக்கிறார். அந்தப் பெண்கள் அவரைச் சரியாகவே எடைபோட்டிருந்தார்கள் என்று நமக்குப் படுகிறது.

இந்த எண்களை எடுத்து அவர்கள் மேலேயே திருப்பியவர் அண்ணல் அம்பேத்கர். தீண்டப்படாதார் யார் என்று ஆராய்ந்து 1948இல் அவர் வெளியிட்ட நூலை நந்தனார், ரவிதாஸ், சொக்கமேளா மூவருக்கும் காணிக்கையாக்கியிருந்தார். அதில் ஒரு அத்தியாயத்தில் இந்த மூக்குக் கணக்கு வருகிறது. அவர் புதிதாக யாரையும் அளக்கவில்லை. ரிஸ்லி வழிவந்த அளவுகளைச் சமூகவியலாளர் குர்யே தொகுத்திருந்தார். அவற்றையே வைத்து, பார்ப்பனரும் தீண்டப்படாதாரும் ஒரே இனம் என்று காட்டினார். பார்ப்பனர் ஆரியர் என்றால் தீண்டப்படாதாரும் ஆரியர். அவர்கள் திராவிடர் என்றால் இவர்களும் திராவிடர். தீண்டாமைக்குக் காரணம் இரத்தத்தில் இல்லை என்றார். 1916இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வாசித்த கட்டுரையிலேயே சாதியின் சாரம் அகமணம் என்று சொல்லியிருந்தவர் அவர். 2013இல் ஹைதராபாத் ஆய்வு மையமும் அமெரிக்க ஆய்வாளர்களும் சேர்ந்து வெளியிட்ட மரபணு ஆய்வும் அந்தப் பக்கமே வந்து நின்றது: ஏறத்தாழ 4,200 முதல் 1,900 வருடங்களுக்கு முன்புவரை இந்த நாட்டு மக்கள் பரவலாகக் கலந்திருக்கிறார்கள், பிறகு மணவாசல் அடைக்கப்பட்டிருக்கிறது.

பூனைக்கண் வைத்தவனெல்லாம் ஆரியன் என்று மீம் போடும் நம் தம்பிகள் இந்த அத்தியாயத்தைப் படிக்க வேண்டும். அது ரிஸ்லியின் பாடம், அம்பேத்கருடையது இல்லை.

சரி, கண் நிறம் எதனால் வருகிறது? கண்மணியைச் சுற்றியிருக்கும் ஐரிஸ் என்ற வளையத்தில் மெலனின் நிறமி நிறைய இருந்தால் கண் கரும்பழுப்பு. குறைந்தால் தேன் நிறம், பச்சை. மிகவும் குறைந்தால் நீலம். நீலக்கண்ணில் நீலச் சாயம் எதுவும் கிடையாது; வானம் நீலமாகத் தெரிவதுபோல ஒளி சிதறுவதால் அப்படித் தெரிகிறது. 1907இல் அமெரிக்காவில் சார்லஸ் டேவன்போர்ட்டும் அவர் மனைவியும், பழுப்பு ஓங்கியது, நீலம் ஒடுங்கியது என்று ஒற்றை விதியாக எழுதினார்கள். நம் பள்ளிப் பாடத்தில் பட்டாணிச் செடிக்குச் சொல்வதே மனிதக் கண்ணுக்கும். அந்த டேவன்போர்ட்தான் பிறகு 'தகுதியற்றவர்கள்' பிள்ளை பெறக் கூடாது என்ற இயக்கத்துக்குத் தலைமை தாங்கினார். விதி அத்தனை எளிதாக இல்லை. 15ஆவது குரோமோசோமில் ஓசிஏ2 என்ற மரபணுவும், பக்கத்தில் எச்இஆர்சி2 என்ற மரபணுவுக்குள் அதைக் கூட்டிக் குறைக்கும் ஒரு சுவிட்சும் இருப்பதை 2008இல் கோபன்ஹேகன் ஆய்வாளர்கள் காட்டினார்கள். 2021இல் ஐரோப்பா, ஆசியாவைச் சேர்ந்த சுமார் 1,95,000 பேரை ஆராய்ந்தபோது மேலும் 50 மரபணுக்கள் தென்பட்டன. கருங்கண் தாய்க்கும் கருங்கண் தகப்பனுக்கும் வெளிர்கண் பிள்ளை பிறப்பதற்கு மூன்றாவது ஆள் தேவையில்லை. இருவரும் தலைமுறை தலைமுறையாகச் சுமந்துவந்தது ஒரு பிள்ளையிடம் சேர்ந்துவிட்டால் போதும்.

கோட்டைக் கதைக்கும் பதில் சொல்லிவிடுவோம். கும்பினிப் படை 1790இல் திப்புவிடமிருந்து திண்டுக்கல் கோட்டையைப் பிடித்தது. 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் இந்தச் சீமை கும்பினிக்கு உரிமையானது. சிப்பாய்கள் இருந்தார்கள், அத்துமீறலும் நடந்திருக்கும். பண்ணையார்கள் நம் பெண்களுக்குச் செய்த கொடுமையை மறைக்கச் சொல்லும் எண்ணமும் நமக்கு இல்லை. அதற்குச் சாட்சி நம் பாட்டிமார் சொன்ன வார்த்தை. பிறந்த குழந்தையின் கண்ணைச் சாட்சிக் கூண்டில் ஏற்ற யாருக்கும் உரிமை இல்லை. அப்படியே நடந்திருந்தாலும் வெட்கப்பட வேண்டிய வீடு வேறு.

இன்னொன்றும் இருக்கிறது. இதை வீடு வீடாகச் சொல்ல வேண்டும். நம் ஊரில் பளிச்சென்ற நீலக்கண்ணோடு பிறக்கும் குழந்தைகளில் சிலருக்கு வார்டன்பர்க் குறைபாடு இருக்கும். டச்சுக் கண் மருத்துவர் வார்டன்பர்க் 1951இல் விவரித்தது. முன்நெற்றியில் ஒரு கற்றை நரைமுடியும் இருக்கலாம். உள்காது ஒழுங்காக வேலை செய்யவும் நிறமிச் செல்கள் வேண்டும். அவை இல்லாததால் இந்தக் குழந்தைகள் சிலருக்குப் பிறவியிலேயே காது கேட்காது. ஊர்ப் பேச்சுக்குக் கூசி ஒரு தாய் பிள்ளையை வீட்டுக்குள்ளேயே வைத்திருந்தால், கேட்கவில்லை என்பது தெரியவரும்போது பேச்சு வர வேண்டிய வயது போயிருக்கும். இளம் வயதிலேயே கண்டுபிடித்தால் காக்ளியர் கருவி பொருத்தலாம். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் அதற்கு இடம் உண்டு. ஆகவே தோழர்களே, நீலக்கண் பிள்ளை பிறந்த வீட்டைப் பற்றிக் கேள்விப்பட்டால் அன்றைக்கே போங்கள். தாயையும் பிள்ளையையும் அரசு மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குக் கூட்டிக்கொண்டு போய், பிள்ளைக்குக் காது கேட்கிறதா என்று சோதித்துப் பாருங்கள்.