கை நரம்பும் கசகசா எண்ணெயும்

தோளிலிருந்து விரல் நுனி வரை மரத்துப்போனால் இன்று டாக்டர் எம்.ஆர்.ஐ. எடுத்துவரச் சொல்கிறார். 1895-ல் ராண்ட்ஜன் கண்டுபிடித்த எக்ஸ்ரேயில் எலும்புதான் தெரிந்தது, நரம்பு தெரியவில்லை. கழுத்தில் கூடுதலாக ஒரு விலா எலும்பு இருந்து நரம்பை அழுத்தினால் மட்டும் குற்றவாளி படத்தில் சிக்கினான்.

1920-களின் தொடக்கத்தில் பாரிஸில் சிகார், ஃபாரெஸ்டியே என்ற இரு மருத்துவர்கள் அயோடின் ஏற்றிய கசகசா எண்ணெயைத் தண்டுவட உறைக்குள் செலுத்திப் படமெடுத்தார்கள். ஆமாம், நாம் குருமாவில் அரைத்துவிடும் அதே கசகசாதான்! எண்ணெய் எங்கே தடைப்பட்டு நின்றதோ, அங்கேதான் கோளாறு.

கைக்குப் போகும் நரம்புகளுக்கு ஐந்து வேர்கள். மோட்டார் சைக்கிளிலிருந்து தோள் மோத விழுந்தால் அவை அறுந்துபோகலாம். வழியில் அறுந்ததென்றால் வேறு நரம்பை எடுத்து ஒட்டுப் போட்டுப் பார்க்கலாம். தண்டுவடத்திலிருந்தே பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டால் ஒட்டுவதற்கு அங்கே முனையே இல்லை. ஒருவருடைய கையின் கதியே இதில்தான் இருக்கிறது. 1947-ல் மர்ஃபி முதலான அமெரிக்க மருத்துவர்கள் அதைப் படத்தில் காட்டினார்கள். பிடுங்கிய இடத்தில் மருந்து கசிந்து சிறு பைபோலத் தேங்கியிருந்தது.

1990-களில் நரம்பையே தனித்துக் காட்டும் எம்.ஆர். நியூரோகிராஃபி வந்தது. அந்தக் கால எண்ணெயோ முதுகில் ஊசி போட்டு ஏற்றியது, வருஷக்கணக்கில் உள்ளேயே தங்கிவிடும். இப்போது குழாய்க்குள் அசையாமல் படுத்திருந்தால் போதும். அந்தக் கடகட சத்தம்தான் தாங்க முடியாது.